டட்சன் 240இசட்: காலிப்பர் மாற்றம், பெடல் இறுகும்வரை

வண்டி டட்சனின் ஸ்போர்ட்ஸ் கார், 1972 மாடல். பிரேக்கில் கம்பெனி கொடுத்தது முன்னால் 2 பிஸ்டன் காலிப்பர் (பிஸ்டனால் பேடைத் தள்ளி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), பின்னால் டிரம். முன்னால் இப்போது ஏறியிருப்பது டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பின் எஸ்12-8 காலிப்பர், 4 பிஸ்டன். பழைய டிஸ்க், பழைய போல்ட் துளைகள், எதையும் துளைக்க வேண்டியதில்லை. வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். எஸ்12டபிள்யூ என்பதும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அது நடுவில் காற்றுப் போகும் தடித்த டிஸ்க்குக்கானது. இந்த வண்டியின் காற்று வழி இல்லாத ஒற்றை டிஸ்க்கில் மாட்டினால், பேட் தேயத் தேயப் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வரும்.

டிஸ்க் புதிதில் 12.5 மி.மீ. 10.5-க்கு வந்துவிட்டால் கழிக்க வேண்டியதுதான், கடைசல் போட்டுக் காப்பாற்ற முடியாது. காலிப்பர் அகலமானது என்பதால் பின்னாலிருக்கும் தூசித் தகடு இடிக்கும். தகரக் கத்தரியால் ஓரத்தை நறுக்கினால் போதும். ஹோஸிலிருந்து காலிப்பருக்கு வரும் இரும்புக் குழாயைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ள வேண்டும். வீலை மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிக் கையால் சுற்றிப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய பேலன்ஸ் வெயிட் காலிப்பரில் உரசலாம்.

ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது, வலது மாறி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றினாலும் மேலே நிற்கும் காற்று வராது.

இதுவரை அரை நாள் வேலை. பெடல்தான் சோதித்தது.

4 பிஸ்டனை நகர்த்த ஆயில் அதிகம் வேண்டும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பழைய 7/8 அங்குல சிலிண்டரில் பெடல் ஆழமாகப் போனது. பிந்தைய டட்சன் மாடலான 280இசட்எக்ஸின் 15/16 அங்குல சிலிண்டரில் துளைப் பரப்பு ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம். பெடல் மேலே வரும், அதே அளவுக்குக் காலில் அழுத்தமும் கூடும். குழாய் மாட்டும்போது, பழையதில் எது எங்கே இருந்தது என்ற ஞாபகத்தை நம்பாதீர்கள். சிலிண்டர் உடம்பில் எஃப், ஆர் என்று பொறித்திருக்கும், எஃப் முன் பிரேக்குக்கு.

மாற்றிய பிறகு வேறு கோளாறு. பெடலைத் தொட்டாலே வண்டி முட்டி நின்றது, மெதுவாகப் பிடிக்க வழியே இல்லை. காலிப்பர் மேல் சந்தேகப்பட்டு நேரம் வீணாகும். குற்றவாளி பூஸ்டருக்குள் (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) இருக்கும் தட்டையான ஒரு ரப்பர் வட்டு. சிலிண்டரைக் கழற்றும்போது பூஸ்டரிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராடையும் சேர்த்து இழுத்தால் அது இடம்விட்டு உள்ளே விழுந்துவிடும். பெடலை அழுத்தும் அளவுக்கு ஏற்றபடி பூஸ்டர் உதவுவது அந்த வட்டினால்தான். பூஸ்டரைக் கழற்றி, வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, உள்ளே உருளும் வட்டை எடுத்து, ஒரு துளி சிலிக்கான் வைத்து இடத்தில் ஒட்டி, காய்ந்த பிறகே புஷ்ராடை நுழைக்க வேண்டும்.

புஷ்ராட் நீளமும் முக்கியம். கூடிவிட்டால், ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டு, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். குறைந்தால் பெடலில் மேல்பாதி சும்மா போகும்.

அதற்கும் பிறகு பெடல் ஆழமாக இருந்தால் பின் டிரம்மைப் பாருங்கள், பாதி நேரம் விஷயம் அங்கேதான். டிரம் வரவில்லை என்று சுத்தியலால் அடிக்காதீர்கள், அது அலுமினியம். அதிலிருக்கும் இரண்டு மரைத்துளைகளில் 8 மி.மீ. போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் தானாகக் கழன்று வரும். லைனிங் லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்பினோம். பெடல் ஒரு விரல் உயரம் ஏறியது.

பிரேக் ஆயில் டாட் 4 ரகம். புது பேட் பழகுவதற்கு, மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 வரை பத்து முறை பிரேக் பிடித்தோம், நடுவில் எங்கும் முழுசாக நிறுத்தாமல். நிறுத்தும் தூரம் பெரிதாகக் குறையவில்லை. அது டயரின் பிடிப்பைப் பொறுத்தது. ஆனால் பிரேக் சூடேறும் மலை இறக்கத்தில் நாலாவது வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இதற்காகத்தான் இவ்வளவும்.

அடுத்து ரப்பர் ஹோஸ் நான்கையும் மாற்ற வேண்டும்.