பாதி டூத் பிரஷ், முழுப் பித்தளை ஃபில்டர்

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் ஓவர்லேண்ட் ட்ராக் என்று ஒரு காட்டுப்பாதை. கிரேடில் மலையில் ஆரம்பித்து செயின்ட் கிளேர் ஏரிவரை 65 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் ஆறு நாளில் நடக்கிறார்கள், நடுவில் கடை கிடையாது, ரோடும் கிடையாது. சாப்பாடு, அடுப்பு, படுக்கை எல்லாம் முதுகில். வழியில் படுத்துக்கொள்ள மரக்குடில்கள் உண்டு, ஆனாலும் ஆளாளுக்குக் கூடாரம் சுமந்துதான் ஆகவேண்டும் என்பது விதி.

இதைக் கேட்டதும், மெல்போர்னுக்கு எங்களோடு இருக்க வந்திருந்த அம்மா, "வீடு இருக்கிற இடத்துக்கு எதுக்குடா கூடாரம்?" என்றாள். குடிலில் இடம் இல்லாமல் போகலாம், வழியிலேயே மழையிலும் குளிரிலும் மாட்டிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். "அப்போ எதுக்குப் போற?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

டிசம்பர் இங்கே கோடைகாலம். மெல்போர்னில் ஃபேன் ஓட, ஹாலில் கம்பளி சாக்ஸைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆனால் கிரேடில் மலைப்பக்கம் கோடையிலும் பனி கொட்டும். மழை வருஷத்துக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் மொத்தமாகவே 1400 சொச்சம்தான், அதற்கே நாம் படகைத் தேடுகிறோம்.

துணி விஷயத்தில்தான் பெரிய சண்டை. அம்மாவுக்குக் காட்டன்தான் உடம்புக்கு நல்லது. அது நம்மூர் வெயிலுக்குச் சரி. குளிர்மழையில் நனைந்த பருத்தி பனியன் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பு தரும். அதனால் மெரினோ கம்பளியில் உள்ளாடை வாங்கினேன். விலையைப் பார்த்த மனைவி, "இதுக்குப் பேசாம ஆட்டையே வாங்கியிருக்கலாம்" என்றாள். அம்மா சத்தம் போடாமல் பையில் செருகிய பொருள் குரங்குக் குல்லா. அதை மட்டும் நான் வெளியே எடுக்கவில்லை. காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே துணியில் மூடுகிற சாமான் எந்த மலையேற்றக் கடையிலும் அந்த விலைக்குக் கிடைக்காது.

அப்புறம் மழைக்கோட்டு. உண்மையிலேயே தண்ணீர் தாங்குமா என்று பார்க்க, கோட்டு, பேன்ட், பூட்ஸ், முட்டிவரை வரும் கெய்ட்டர் (சேறும் அட்டையும் ஏறாமல் காலில் மாட்டும் உறை) எல்லாம் மாட்டிக்கொண்டு ஷவரைத் திறந்துவிட்டு அடியில் நின்றேன். பாத்ரூம் கதவைத் தாழ் போடவில்லை. எட்டிப் பார்த்த அம்மா நிதானமாகச் சொன்னாள்: "குளிக்கிறதுன்னா சட்டையைக் கழட்டிட்டுக் குளிடா."

என்னோடு வந்த நண்பன் வேறு ரகம். எடை குறைக்கிறேன் என்று டூத் பிரஷ் காம்பைப் பாதியாக அறுத்தவன், துண்டைப் பாதியாகக் கிழித்தவன், பேஸ்ட்டைக்கூடக் குட்டி டப்பாவில் பிதுக்கி எடுத்துக்கொண்டவன். அப்படிப்பட்டவன் பையின் அடியில் என்ன இருந்தது என்றால், பித்தளைக் காபி ஃபில்டர், கூடவே டபரா செட். "காலையில டிகாக்‌ஷன் இல்லாம என்னால நடக்க முடியாது மச்சி" என்றான். கொக்கித் தராசில் மாட்டினால் பை 19 கிலோ.

சாப்பாட்டுக்கு அவல், சத்துமாவு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். அரிசி வேகவைக்க கேஸ் அதிகம் செலவாகும், அவலுக்கு வெந்நீரே போதும். கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், லான்செஸ்டனில் இறங்கித்தான் வாங்கவேண்டும். அங்கே இறங்கியதும் மோப்ப நாய் ஒன்று நேராக என் பையருகே வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. டாஸ்மேனியாவுக்குள் பச்சைக் காய்கறி, பழம், இலை இஷ்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. உள்ளே, அம்மா பேப்பரில் சுற்றிவைத்த கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும். அதிகாரி கறிவேப்பிலையை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

எல்லாச் சாமானையும் தடிமனான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதைத்தான் முதுகுப்பைக்குள் இறக்கியிருந்தோம். வெளியே போடுகிற மழையுறை காற்றில் பறந்துவிடும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் எங்கேயும் போகாது. முதல் நாளே மழை எங்களை அடித்துத் துவைத்தது, உள்ளே ஒரு சாக்ஸ்கூட நனையவில்லை. தண்ணீருக்கு இத்தனை யோசித்தவர்கள் பறவைக்கும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்தான். கர்ரவாங் என்று மஞ்சள் கண்ணோடு ஒரு கறுப்புப் பறவை. பை ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கும், ஜிப்புகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்டுங்கள் என்று முதலிலேயே சொன்னார்கள். நான் கட்டினேன். நண்பன் சிரித்தான்.

பீலியன் கேப் என்கிற கணவாயில் பைகளை இறக்கிவைத்துவிட்டு, 1617 மீட்டர் ஆஸா மலை ஏறி இறங்கி வந்தால், அவன் பை திறந்து கிடக்கிறது, அம்மா சுட்டுக்கொடுத்த முறுக்கு தரையெல்லாம் சிதறிக் கிடக்கிறது, பாறைமேல் ஒன்று கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்க்கிறது. ஃபில்டரை அது தொடவே இல்லை.

நண்பன் பையைத் தூக்கித் தோளில் போட்டுப் பார்த்தான். "பரவாயில்ல மச்சி, அரைக் கிலோ குறைஞ்சிருக்கு."