கழிவுநீரில் கார்பமாசெபின்: ஒளிமின் வினையூக்கம் சறுக்கும் இடங்கள்

வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபின், சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்த் தொட்டியைக் கிட்டத்தட்ட அப்படியே கடந்து வெளியே வந்துவிடும். வெறும் ஒளி பட்டாலும் மெதுவாகத்தான் சிதையும். அதனால் ஒளியும் சிறு மின்னழுத்தமும் சேர்ந்து மருந்தைச் சிதைக்கும் ஒளிமின் வினையூக்கத்தைச் சோதிக்க மிகவும் ஏற்ற மருந்து இது. வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக்கை எடுத்தால் புறஊதா விளக்கே அதை உடைத்துவிடும். மின்வாய்க்கு இல்லாத பெருமை சேரும்.

டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் 387 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி விழுந்தால் எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் வெற்றிடம்) பிரியும். விட்டால் உடனே மறுபடி சேர்ந்துவிடும். சிறு மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரானைக் கம்பி வழியே எதிர்மின்வாய்க்கு இழுத்துவிட்டால், துளை மேற்பரப்பில் நின்று நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (எதையும் உடனே தாக்கும் துணுக்குகள்) உண்டாக்கும். மருந்தைச் சிதைப்பவை பெரும்பாலும் அவைதான்.

ஒளி படும் மின்வாய்த் தகட்டுக்கு 0.25 மி.மீ. டைட்டானியத் தாள் போதும். அசிட்டோன், எத்தனால், நீர் ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் மீயொலித் தொட்டியில் கழுவுங்கள். எத்திலீன் கிளைக்காலில் எடையில் 0.5% அமோனியம் ஃபுளோரைடு, 2% நீர். இந்தக் கரைசலில் தாளை நேர்மின்வாயாக வைத்து 60 வோல்ட், 1 மணி நேரம்; அதன் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு படலம் வளரும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும். கையுறை கட்டாயம், ஃபுளோரைடு தோலில் பட்டால் தடவ கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு 450 டிகிரியில் 2 மணி நேரம் சுட வேண்டும். இதை விட்டால் படலம் படிகமாகாது, ஒளிமின்னோட்டம் ஏறவே ஏறாது. படலம் உரிந்து வந்தால் பெரும்பாலும் அது தடித்துப்போயிருக்கும், அல்லது நீரோடு வேகமாக உலர்ந்திருக்கும். எத்தனாலில் அலசி மெதுவாக உலரவிடுங்கள்.

சோதனைக் கரைசலில் லிட்டருக்கு 10 மி.கி. மருந்து, 7.1 கிராம் சோடியம் சல்ஃபேட். 365 நானோமீட்டர் எல்.இ.டி., வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாயை ஒப்பிட்டுத் தகட்டுக்கு 1 வோல்ட். மருந்து சீக்கிரம் கரையட்டும் என்று மெத்தனால் சேர்ப்பதுதான் நான் பார்ப்பவற்றில் மிக மோசமான தவறு. லிட்டருக்கு 1 மி.லி. என்றாலே 790 மி.கி. மெத்தனால்! துளைகளை அதுவே தின்னும். மின்னோட்டம் ஏறும், மருந்து மட்டும் குறையாது. இரவு முழுக்க நீரிலேயே கலக்கிக் கரையுங்கள். ஒளி மட்டும், மின்னழுத்தம் மட்டும், மின்னழுத்தமின்றித் தகடும் ஒளியும் என மூன்று ஒப்பீடுகளும் வேண்டும்.

உண்மையான கழிவுநீரில் பைகார்பனேட்டும் கரிமப் பொருளும் தனி உறுப்புகளை விழுங்கிவிடும். நகரக் கழிவுநீரில் மருந்து மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். பெரும்பகுதி ஒளியும் மின்சாரமும் மற்றவற்றுக்கே செலவாகும். மருந்து செறிவாக வெளியேறும் இடத்திலேயே இதை வைப்பதுதான் அறிவுடைமை. ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில் லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததாக 2007இல் ஆய்வு வெளியானது.

குளோரைடு இருந்தால் மருந்து இன்னும் வேகமாக மறையும். மகிழ வேண்டாம்: நேர்மின்வாயில் உருவான குளோரின் வேலை அது, குளோரின் ஏறிய புதிய சேர்மங்கள் வரக்கூடும். மாதிரி எடுத்தவுடன் குளோரினை முறிக்கத் தயோசல்ஃபேட் விடாவிட்டால் குப்பிக்குள்ளும் வினை தொடரும்.

சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் வரைபடத்தில் மருந்தின் சிகரம் மறைந்ததோடு நிறுத்தாதீர்கள். 10 மி.கி. கார்பமாசெபினில் 7.6 மி.கி. கார்பன் உண்டு. மருந்து 95% போய்விட்டது என்னும்போது மொத்தக் கரிமக் கார்பன் இன்னும் 7 மி.கி. காட்டினால், நீரில் இருப்பது அக்ரிடின் போன்ற வேறு சேர்மங்கள். அக்ரிடின் மரபணுவைப் பாதிக்கக்கூடியது. விளக்கை இன்னும் அணைக்கக் கூடாது.