எட்டு மணி மாத்திரை

பிப்ரவரி 4
அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். டிராமடால் போட்டால் வலி அடங்குகிறது, ஆனால் அரை மணியில் வாந்தி. குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்துவிட்டது. "வலியே தேவலாம்டி" என்கிறாள்.

பிப்ரவரி 5
நள்ளிரவில் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் டிரிப்பில் மருந்தை ஏற்றிவிட்டுப் போனார். அம்மா வெகுநேரம் முனகிக்கொண்டே கிடந்தாள். காலையில் வந்த சிஸ்டர் அதே மருந்தைக் காட்டி, "வலிக்குத்தாம்மா போடுறேன், இப்ப குறையும் பாருங்க" என்று நெற்றியைத் தொட்டார். சிரிஞ்சில் பாதி மருந்து மிச்சமிருக்கும்போதே, கட்டில் கம்பியை இறுக்கியிருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பிப்ரவரி 6
அந்த விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ராத்திரி முழுக்கத் தேடிப் படித்தேன். இத்தாலியில், டூரினில், பெனடெட்டி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு: மார்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூன்று நாள் வெறும் உப்புநீர் டிரிப். வலித்தால் பியூப்ரனார்ஃபின் என்ற வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டிரிப்பில் இருப்பது வீரியமான வலி மருந்து என்று சொல்லப்பட்டவர்களுக்கு, எதுவும் சொல்லப்படாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான பியூப்ரனார்ஃபினே போதுமாக இருந்தது. இது வெறும் பிரமை இல்லை. 1978இலேயே கலிஃபோர்னியாவில், கடைவாய்ப்பல் எடுத்தவர்களிடம், டிராமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து, மருந்துப்போலி (மருந்தே இல்லாத போலி மருந்து) தந்த நிம்மதியையும் தடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த நிம்மதியைத் தந்த ஓபியாய்டு உடம்புக்குள்ளேயே சுரப்பது!

பிப்ரவரி 7
"ஒரு சத்து மாத்திரையை வலி மாத்திரைன்னு கொடுத்துடுக்கா" என்கிறான் தம்பி. மாட்டேன். தெரிந்துவிட்டால் அப்புறம் நிஜ மருந்தையும் அம்மா நம்பமாட்டாள். பொய்க்குத் தேவையும் இல்லை. பாஸ்டனில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், இதில் மருந்தே இல்லை என்று சொல்லித்தான் மருந்துப்போலியைக் கொடுத்தார்கள். வழக்கமான ஓபியாய்டோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஓபியாய்டு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 2021இல் வந்த ஆய்வு.

டாக்டரிடம் பேசினேன். பாராசிட்டமால் நேரம் தவறாமல், டிராமடால் கேட்டால் மட்டும் என்றார். கேட்டால் உடனே தர வேண்டும். வலியோடு கிடந்தால் அம்மா காலை மடக்கவே மாட்டாள், பிசியோ வந்தும் பயனில்லை.

பிப்ரவரி 8
ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, இது என்ன மாத்திரை, எதற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். டிராமடால் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். இரண்டு இட்லி வயிற்றில் நின்றது.

எட்டு மணிக்குத் தம்பி மாத்திரையை நீட்டினான். அம்மா வாங்கவில்லை. "அவ வரட்டும். சொல்லிட்டுத் தரட்டும்."