எங்கள் சுரங்கப்பாதை மக்களவை வரை போய் வந்த கதை

அகல ரயில் பாதையில் இருந்த ஆளில்லா கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரி இறுதிக்குள் நீக்கப்பட்டன. அந்த வேகத்தில் எங்கள் ஊர் கேட்டும் போய், தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வந்தது. ரயிலில் அடிபடும் அச்சம் தீர்ந்தது. தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் அச்சம் தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு நாள் நல்ல மழை பெய்தால் மூன்று நாள் அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இப்படித் தேங்கிய ஒரு சுரங்கப்பாதையில் 2021-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கார் மூழ்கி ஓர் உயிரே போனது. அதன் பிறகுதான், இனி உள்ளூரில் புலம்பிப் பயனில்லை, எங்கள் எம்.பி. மூலம் மக்களவையிலேயே எழுப்ப வைப்பது என்று ஊரில் முடிவெடுத்தோம். அலையும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தவற்றை நான்தான் செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ரேஷன் கடைக் கட்டடம், கண்மாய் மடை, மயானச் சாலை என ஊரின் பதினொரு கோரிக்கைகளையும் நான்கு பக்க மனுவில் அடுக்கி, சுரங்கப்பாதையை ஏழாவது இடத்தில் வைத்திருந்தேன். தொகுதி அலுவலகத்தில் இருந்தவர் அதைப் படிக்காமலேயே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, 'தகவல் வரும்' என்றார். இரண்டு மாதம் கழித்து வந்ததும் உண்மையில் தகவல்தான். மனு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஊராட்சி ஒன்றியத்துக்குப் போய், 'மேற்படி பாலம் ரயில்வே எல்லைக்குள் வருவதால் இவ்வலுவலகம் நடவடிக்கை எடுக்க இயலாது' என்று திரும்பியிருந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்குப் போனால், தண்ணீர் வடிய வேண்டிய வாய்க்கால் தங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதால் அது உள்ளாட்சியின் பொறுப்பு என்றார்கள். பேருந்தில் போக வர ஏழு மணி நேரம். பேச்சு ஏழு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

வழி காட்டியவர் எம்.பி.யின் டெல்லி அலுவல்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். பொங்கலுக்கு ஊர் வந்திருந்தபோது ஒரு நிகழ்ச்சியில் அவரைப் பிடித்தேன். 'ஐயா, இந்த நாலு பக்கத்தை வைத்து அவையில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே விஷயம், கால் பக்கம், அதுவும் மத்திய அரசு மட்டுமே செய்யக்கூடிய விஷயமாக எழுதிக் கொடுங்கள்' என்றார். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்பது ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது. அத்தனை ஊர்களின் மனுக்களுக்கு நடுவே நம்முடையது எடுபட வேண்டுமென்றால், எழுதும் வேலையை நாமே முடித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அவர் கேட்ட விவரங்களில் இரண்டு எங்களிடம் இல்லை. ஒன்று, பழைய கேட்டின் எண். ஊர்ப் பெயரைச் சொன்னால் ரயில்வேயில் யாருக்கும் புரியாது, எல்.சி. எண்ணும் (லெவல் கிராசிங், அதாவது கேட்டின் எண்) கிலோமீட்டர் குறிப்பும் வேண்டுமாம். ஊரில் ஒருவருக்கும் அந்த எண் நினைவில்லை. பாதையோரச் சீமைக்கருவேலப் புதருக்குள் பழைய மஞ்சள் பலகை கவிழ்ந்து கிடப்பதாக ஆடு மேய்க்கும் பையன் சொல்ல, முள்ளை வெட்டி அதைப் புரட்டினோம். பாதி துருவில் போயிருந்தாலும் எண் மட்டும் பிழைத்திருந்தது. இரண்டாவது, ஆண்டுக்கு எத்தனை நாள் பாதை அடைபடுகிறது என்ற கணக்கு. 'மழைக்காலம் முழுவதும்' என்று எழுதியிருந்ததை அவர் ஏற்கவில்லை. பால் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது விடை கிடைத்தது. வண்டி வர முடியாத நாள்களில் எல்லாம் 'பாலத்தில் தண்ணீர், கேன் திரும்பியது' என்று எழுத்தர் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் ஒரே பருவத்தில் 23 நாள். எங்கள் ஆவேசமான வாக்கியங்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, கடைசி வரை நின்றது இந்த 23 மட்டும்தான்.

கிராம சபைத் தீர்மானம் இருந்தால் நல்லது என்று அவர் சொன்னதால், அக்டோபர் 2 கூட்டத்தில் நிறைவேற்றி வாங்கினோம். நகலில் ஊராட்சிச் செயலாளரின் கையொப்பம் இருந்தது, முத்திரை இல்லை. அதற்காக மீண்டும் இரண்டு நாள் போனது. தீர்மானம் எழுதி முடிந்த அன்றே முத்திரையுடன் மூன்று நகல்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேள்வியாகக் கொடுத்துப் பார்த்தோம். வாய்மொழியாகப் பதில் வரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20, எழுத்தில் பதில் வரும் குறியிடாத கேள்விகள் 230. எதுவானாலும் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குப் பிறகும் குலுக்கல் உண்டு. எங்கள் கேள்வி குலுக்கல் வரையே போகவில்லை. வாய்க்காலையும் அணுகுசாலையையும் சேர்த்துக் கேட்டிருந்ததால், இது முதன்மையாக மத்திய அரசின் பொறுப்பு அல்ல என்று அனுமதி மறுக்கப்பட்டது. பிழை அந்த ஒற்றை வரியில்தான் இருந்தது. அதை எழுதியவன் நான் என்பதை ஊரில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அடுத்தது பூஜ்ய நேரம், அதாவது கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம். இது விதிப்புத்தகத்தில் இல்லாமல் வழக்கத்தில் வந்த ஏற்பாடு. அன்றன்று காலை 10 மணிக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதற்கும் குலுக்கல். மூன்றாம் முறை எங்கள் எம்.பி.யின் பெயர் வந்துவிட்டது. பால் சங்கத்தில் இருபது பேர் சன்சத் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு அவை கூடியது, கூச்சல் எழுந்தது, நான்கே நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்டது. அந்த அறிவிப்பு அன்றோடு செத்துப்போனது. மறுநாளுக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். கூட்டத்தொடரோ முடியும் தறுவாயில் இருந்தது.

கடைசியில் கைகொடுத்தது மக்களவை விதிப்புத்தகத்தின் விதி 377, அதாவது முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாசகத்தை உறுப்பினர் அவையில் படிக்கும் ஏற்பாடு. உறுப்பினர் ஒருவர் வாரத்துக்கு ஒரு பொருளை மட்டுமே இதில் எழுப்பலாம். வாசகம் 250 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. அனுமதிக்கப்பட்ட வாசகத்துக்கு அப்பால் ஒரு சொல்லும் சேர்த்துப் படிக்கக்கூடாது. இம்முறை வாய்க்கால் பற்றி மூச்சே விடவில்லை. எல்.சி. எண், கிலோமீட்டர், 23 நாள், தேவையானவை மேற்கூரையும் நீரிறைக்கும் மோட்டாரும். அவ்வளவுதான். மறுபடியும் டிவி முன் உட்கார்ந்தோம். அன்றும் அமளி. வாசகங்களைப் படிக்க வேண்டாம், அவையின் மேசையில் வைத்ததாகக் கொள்ளப்படும், விரும்பும் உறுப்பினர்கள் 20 நிமிடத்துக்குள் நேரில் கொடுத்துவிடலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரின் பெயர் ஒலிக்கவே இல்லை. 'இதற்குத்தானா இத்தனை அலைச்சல்' என்று எழுந்து போனவர்களுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரவில் அந்த இளைஞர் தொலைபேசியில் விளக்கினார். எம்.பி. உடனே எழுந்து போய்த் தாளைக் கொடுத்துவிட்டாராம். படித்தாலும் மேசையில் வைத்தாலும் அவைக் குறிப்பில் ஒரே மதிப்புதான். அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்குப் பதில் எழுத வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொதுவானது. எங்களுக்கு அந்த ஒரு மாதம் மூன்றாக நீண்டது. ஆகவே தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, முப்பத்தோராம் நாளே நினைவூட்டத் தொடங்குங்கள். எம்.பி. அலுவலகத்தில் நம்முடைய கோப்பு மட்டும் இருப்பதில்லை.

வந்த பதிலில் கூட்டு ஆய்வு என்ற சொல் இருந்தது. சில வாரங்களில் ரயில்வேயிலிருந்து மூன்று பேர், ஊராட்சி ஒன்றியத்திலிருந்து இரண்டு பேர் சுரங்கப்பாதையில் ஒன்றாக நின்றார்கள். ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்த இரு தரப்பும் ஒரே சேற்றில் நின்றதைப் பார்த்தபோது, பட்ட பாடெல்லாம் ஒரு நிமிடம் மறந்துபோனது. சுவரில் பிள்ளைகள் கரித்துண்டால் கோடு கிழித்து 'இதுவரை தண்ணி' என்று எழுதியிருந்ததை அவர்களில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்.

கூரை வந்துவிட்டது. மோட்டாரும் வந்தது. இந்தப் பருவத்தில் பால் சங்கப் பதிவேட்டில் சிவப்பு மைக் குறிப்பு ஆறு நாள்தான். அந்த ஆறு நாளும் மோட்டார் அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், ரயில்வே நிர்வாகம் ஒப்பந்ததாரரைச் சொல்கிறது, ஒப்பந்ததாரர் ஊராட்சியைச் சொல்கிறார். அடுத்த கூட்டத்தொடருக்கான வாசகத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை 140 சொற்கள் ஆகியிருக்கின்றன.