ஞானப்பூவுக்கு ஒரு பூசை

எங்கள் பாட்டி, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் அவர் மனைவி ஞானப்பூவிடம்தான் வந்து நிற்கும். "அவரத் துப்பாக்கியால வெடி வச்சாவ, மோட்சத்துக்குப் போயிட்டாரு. வீட்டுல இருந்தவ என்ன பாடு பட்டிருப்பா மக்ளே?" என்பார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை வீட்டில் எல்லாரும் டிவியில் பார்த்தோம். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டது, "ஞானப்பூ படம் எங்கயாவது வச்சிருக்காவளா?"

பாட்டி இறந்து முதல் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு முந்தின வாரம், சித்தியும் நானும் ஒரு கார் பிடித்து புனிதரின் இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். பாட்டி ஆசைப்பட்ட பயணம் இது. முட்டிவலி விடவில்லை.

முதலில் நட்டாலம். 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டனாகப் பிறந்த ஊர். அரண்மனை வேலையில் இருந்த அவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படையில் இருந்த டிலனாய் நண்பரானார். அவர் சொன்ன, பைபிளில் வரும் யோபுவின் கதை மனதில் தைக்க, நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஞானப்பூவும் கணவன் வழியில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். அதற்கு முன் அவர் பெயர் பார்கவி.

புலியூர்க்குறிச்சியில் கூட்டம் இல்லை. கைதான தேவசகாயத்தை எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இங்கே தாகம் தாங்காமல் முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் கசிந்தது என்பது மக்கள் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். சித்தி தண்ணீரில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, கையோடு முட்டியிலும் கொஞ்சம் தடவிக்கொண்டார். பாட்டியின் முட்டிவலி இப்போது சித்திக்கு.

அங்கே ஒரு மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். சோற்றைப் பார்த்ததும் பிடியரிசிப் பேச்சு வந்துவிட்டது. இரண்டு வேளையும் உலை கொதித்ததும், அளந்து வைத்த அரிசியிலிருந்து பாட்டி ஒரு பிடி அள்ளி, அடுப்பு மேடை ஓரம் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். போடும் முன் மூடின கையை ஒரு நொடி நெஞ்சோடு வைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அது கோயிலுக்குப் போகும். அரிசி தட்டுப்பட்ட மாதங்களில் எங்கள் தட்டில் மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும் கூடுமே தவிர, அந்தப் பிடி சிறுக்காது. "பிள்ளைகளுக்கு இல்லாம கோயிலுக்கு எதுக்கு?" என்று தாத்தா கத்துவார். பாட்டி பதில் சொல்லமாட்டார். அடுத்த வேளையும் கை பாட்டிலுக்குப் போகும். பாட்டியின் பக்தியில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பிடிவாதம்தான். மற்றபடி, ஜெபமாலை சொல்லும்போது மங்கள வார்த்தை ஜெபத்துக்கு நடுவிலேயே "எளா, பாலு பொங்குது பாரு" என்று குரல் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஆள் அவர். மாதா அதையெல்லாம் கணக்கில் வைத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மாதாவுக்கும் அடுப்பு இருந்திருக்கும்.

கோட்டாறு சவேரியார் பேராலயம் பாட்டிக்குத் தாய்வீடு மாதிரி. டிசம்பர் 3 திருவிழாவுக்குத் தேர் வரும்போது உப்பும் நல்லமிளகும் போட வருஷம் தவறாமல் வந்துவிடுவார். 2012 டிசம்பர் 2 அன்று தேவசகாயம், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பெற்றவராக நாகர்கோவிலில் அறிவிக்கப்பட்டபோதும் வெயிலில் குடையோடு அந்தக் கூட்டத்தில் நின்றார். தேவசகாயத்தின் கல்லறை இங்கேதான். ஒரு இளம்பெண் கைக்குழந்தையைக் கல்லறைமேல் ஒரு கணம் கிடத்தி எடுத்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. சித்தி நேரம் போவது தெரியாமல் முழங்காலில் இருந்தார். எழும்ப நான்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஆரல்வாய்மொழியில் காற்று ஆளைத் தள்ளியது. காற்றாலைகள் சுற்றும் அந்தக் கணவாய்ப் பக்கம்தான் காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று அங்கே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையைப் பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றபோது எனக்கும் பாட்டியின் கேள்விதான் வந்தது. சேதி வீட்டுக்கு வந்தபோது ஞானப்பூ என்ன செய்துகொண்டிருந்திருப்பார்?

கணவனை இழந்த பிறகு அவர் வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மலையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். ஜில்லா மட்டும் மாறிவிடும். திட்டத்தில் இல்லாத இடம். சித்தி டிரைவரிடம், "தம்பி, வண்டிய அங்க விடுங்க" என்றார்.

திருக்குடும்ப ஆலயத்தில் செபித்துவிட்டு, பூசைக்கு, அதாவது திருப்பலிக்கு, இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கப் போனோம். சித்தி பாட்டியின் பெயரைச் சொன்னார். பிறகு, "இன்னொரு பேரு, ஞானப்பூ" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "நம்ம ஞானப்பூ அம்மாளா? அவங்க உங்களுக்கு என்ன முறை?"

"எங்க அம்மைக்கு ரொம்ப வேண்டப்பட்டவ. நீங்க எழுதுங்க."