நெட் ஆங்கிலம்: அரிஸ்டாட்டிலின் மூன்று வகைப் பேச்சை நான் படித்த விதம்

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் அங்கங்கே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடப் படித்தவர்கள் பலரும் கேட்டது திறனாய்வு யூனிட்டில் வரும் கிளாசிக்கல் ரெட்டரிக் (பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சுக்கலை) பற்றித்தான். அதை மட்டும் எழுதுகிறேன். நாவல், கவிதை, பேப்பர் ஒன்று எல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்று வரி அட்டவணை எல்லோரிடமும் இருக்கும். டெலிபரேடிவ் (சபையில் ஆலோசனைப் பேச்சு): எதிர்காலம், நன்மையா தீமையா. ஃபோரன்சிக் (வழக்குப் பேச்சு): கடந்தகாலம், நியாயமா அநியாயமா. எபிடெய்க்டிக் (புகழவோ இகழவோ பேசுவது): நிகழ்காலம், பெருமையா இழிவா. எனக்குக் கிடைத்த கோச்சிங் நோட்ஸிலும் இதுதான் இருந்தது, கூடவே நட்சத்திரக் குறி போட்டு 'முக்கியம்' என்று வேறு. நேரடிக் கேள்வி வந்தால் இது போதும். ஆனால் கூற்று–காரணம் வகைக் கேள்வியில் இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்பது அதில் இல்லையே.

அது அரிஸ்டாட்டிலின் 'ரெட்டரிக்' நூலில் முதல் புத்தகம், மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மொத்தமே இரண்டு மூன்று பக்கம்தான். அரிஸ்டாட்டில், பேசும் பொருளை வைத்து வகை பிரிக்கவில்லை, கேட்பவரை வைத்துத்தான் பிரிக்கிறார். கேட்பவர் ஒன்று முடிவெடுப்பவர், இல்லையென்றால் வெறும் பார்வையாளர். முடிவெடுப்பவர் இனி நடக்க வேண்டியதைத் தீர்மானித்தால் அவர் மக்கள் சபை உறுப்பினர், நடந்து முடிந்ததைத் தீர்மானித்தால் ஜூரி. பார்வையாளர் எடை போடுவது பேசுபவரின் திறமையை மட்டும். அவ்வளவுதான், காலமும் நோக்கமும் இதிலிருந்து தானாக வந்து விழும்.

அதனால் நான் எந்தப் பேச்சைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: கேட்டு முடித்ததும் இவர்கள் எதற்கு ஓட்டுப் போடப் போகிறார்கள்? மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். என் மார்க்கில் இந்த யூனிட்டின் பங்கு முழுக்க இந்தக் கேள்வியால் வந்தது என்றே சொல்வேன்.

எனக்கு இது தெளிவானது மிட்டிலீனி விவாதத்தைப் படித்தபோது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 427, லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றுவிட்டது. ஆத்திரத்தில் இருந்த ஏதென்ஸ் சபை, வயதுவந்த ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாளே மனசு உறுத்தியது, சபை மறுபடியும் கூடியது. கிளியோன் எழுந்து, அவர்கள் செய்த துரோகத்துக்கு இதுதான் சரியான தண்டனை என்றான். டயோடோட்டஸ் என்ன செய்தான் தெரியுமா? அவர்கள் குற்றமற்றவர்கள் என்று வாதாடவே இல்லை. குற்றவாளிகளாகவே இருக்கட்டும், நாம் இங்கே வழக்கு நடத்தவில்லை, எது நமக்கு நல்லது என்று யோசிக்க வந்திருக்கிறோம் என்றான். சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் நாளைக்குக் கலகம் செய்யும் ஊர் கடைசிவரை சண்டை போடும், முற்றுகைச் செலவு நம் தலையில் விழும், பிடிபட்ட ஊரிலிருந்து கப்பமும் வராது என்று கணக்குச் சொன்னான். கை தூக்கியதில் கிட்டத்தட்ட சரிபாதி, மயிரிழையில் டயோடோட்டஸ் பக்கம் ஜெயித்தது. முதல் உத்தரவை நிறுத்த அனுப்பிய இரண்டாவது கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் ஒயினும் எண்ணெயும் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டே துடுப்புப் போட்டு, முறைவைத்துத் தூங்கி, உத்தரவை நிறைவேற்றும் முன் போய்ச் சேர்ந்தார்கள். (அப்படியும் கலகத்தின் மூலகர்த்தாக்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் துசிடிடிஸே எழுதுகிறார். டயோடோட்டஸைக் கருணை உள்ளவன் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.)

டெலிபரேடிவ் பேச்சும் ஃபோரன்சிக் பேச்சும் ஒரே மேடையில் மோதிக்கொண்ட இடம் இது. பொருள் ஒன்றுதான். கிளியோன் கேட்பவர்களை ஜூரியாக்கப் பார்க்கிறான், டயோடோட்டஸ் அவர்களைச் சபைக்கு இழுத்து வருகிறான். அரிஸ்டாட்டில் பிறக்கும் முன்பே நடந்தது.

எபிடெய்க்டிக்தான் ஆட்களைக் கவிழ்க்கும். 'நிகழ்காலம்' என்று படித்துவிட்டு, எதிர்காலம் பற்றி ஒரு வரி வந்தாலே இது அது இல்லை என்று டிக் அடித்துவிடுகிறார்கள். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ், போரில் இறந்தவர்களுக்கான உரையில், உயிரோடு இருப்பவர்கள் இனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும்தான் பேசுகிறார். ஆனால் அங்கே ஓட்டெடுப்பு இல்லை. புகழ்பவர்கள் பழையதை நினைவூட்டுவதும் வரப்போவதை ஊகிப்பதும் உண்டு என்று அரிஸ்டாட்டிலே சொல்கிறார். இன்னொரு இடத்தில், புகழ்ச்சியைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் அறிவுரையாகிவிடும் என்கிறார். நம் சட்டமன்றத்தில் இரங்கல் தீர்மானம் வாசிப்பதைப் பாருங்கள், முடிவெடுக்கும் அவைதான், ஆனால் முடிவெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. பட்டிமன்றமும் அப்படியே. தீர்ப்பு நடுவர் பாடு. நாம் வீட்டுக்கு வரும்போது யார் நன்றாகப் பேசினார் என்றுதான் பேசிக்கொண்டு வருகிறோம்.

வகை கலப்பதற்கு ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' மூன்றாம் அங்கமே போதும். சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் பேசுவது தன் தரப்பு வாதம், சுத்தமான ஃபோரன்சிக். சீசரின் நண்பன் ஆன்டனிக்குக் கிடைத்த அனுமதி இறுதிச்சடங்கு உரைக்கு, அவனோ எடுத்த எடுப்பிலேயே புகழ வரவில்லை என்கிறான்! பார்வையாளர்களாக நின்ற கூட்டத்தைக் கொலை வழக்கின் ஜூரியாக்கி, அப்புறம் தீவட்டியோடு ஓடவும் வைத்துவிடுகிறான்.

சரி, இனி பட்டியல். குழப்பம் எல்லாம் 'மூன்று'களால் வருவது:

- பேச்சின் வகை மூன்று: மேலே சொன்னவை. அரிஸ்டாட்டில்.
- நம்பவைக்கும் வழி மூன்று: ஈத்தோஸ் (பேசுபவரின் குணம்), பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), லோகோஸ் (வாதம்). இதுவும் அரிஸ்டாட்டில். இவை மூன்றும் எல்லா வகைப் பேச்சிலும் வரும். ஒரு வகைக்கு ஒன்று என்று ஜோடி சேர்க்காதீர்கள்.
- நடை மூன்று: உயர்நடை, இடைநடை, எளியநடை. 'ரெட்டோரிக்கா அட் ஹெரென்னியம்' என்ற லத்தீன் கையேடு. இதை ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியதாக ரொம்ப காலம் நம்பினார்கள், அவர் எழுதியதில்லை.
- பேச்சாளர் கடமை மூன்று: நிறுவுவது, மகிழ்விப்பது, உலுக்குவது. சிசரோ. 'ஒராட்டர்' நூலில் இவை முறையே எளியநடை, இடைநடை, உயர்நடையோடு சேரும்.
- ஐந்து கேனன்கள் (பேச்சுக்கலையின் பகுதிகள்: கருத்துத் தேடல், வரிசை, நடை, நினைவாற்றல், பேசும் விதம்) ரோமானியக் கையேடுகளின் பட்டியல். அரிஸ்டாட்டில் நினைவாற்றலைத் தனிப் பகுதியாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

அதிகம் பேர் தொடாத ஒரு பொருத்தம் இருக்கிறது, எந்த வகைக்கு எந்த உத்தி என்று, முதல் புத்தகம் ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசியில். எபிடெய்க்டிக்குக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தும், ஏனென்றால் செயல்களை எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது, அழகும் பெருமையும் சேர்ப்பதுதான் பாக்கி. டெலிபரேடிவுக்குப் பொருந்துவது உதாரணம் காட்டுவது, வரப்போவதைப் பழையதை வைத்துத்தானே கணிக்க முடியும்? ஃபோரன்சிக்குக்கு எந்திமீம் (பேச்சில் வரும் சுருக்கமான தர்க்கம்), நடந்தது தெளிவாக இல்லாததால் காரண வாதம் அங்கே அதிகம் தேவை. காரணத்தோடு படித்தால் மறக்காது.

நான் ஃபிளாஷ் கார்டு போடவில்லை, மாக் டெஸ்ட் பக்கம் அதிகம் போகவில்லை, எனக்கு அவை படபடப்பைத்தான் கொடுத்தன. போட்டி மனநிலையில் நன்றாகப் படிப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். நான் மெதுவாக, தனியாக, மூலத்தை வைத்துக்கொண்டு படிக்கும் ஆள். ரைஸ் ராபர்ட்ஸ் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் புத்தகத்தில் இரண்டு, மூன்று, ஒன்பதாம் அத்தியாயங்கள், இரண்டாம் புத்தகத்தின் முதல் அத்தியாயம், மூன்றாம் புத்தகத்தின் பன்னிரண்டு. நேரம் இருந்தால் மட்டும் மற்றவை.

ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் எழுதியது பன்னிரண்டு புத்தகம், அதில் முழுக்க இறங்காதீர்கள். 'பேசத் தெரிந்த நல்ல மனிதன்' என்ற வரையறையை அவர் பெயரில்தான் எல்லா நோட்ஸிலும் போட்டிருப்பார்கள். அது அவருக்கு முந்தைய ரோமானியர் கேட்டோ சொன்னது, குயின்டிலியனே கேட்டோ பெயரைச் சொல்லித்தான் எடுத்துக்காட்டுகிறார். இரண்டு பெயரும் ஆப்ஷனில் வந்தால், கேள்வி யார் சொன்னது என்கிறதா, எந்த நூலில் வருகிறது என்கிறதா என்று பார்த்துவிட்டு டிக் அடியுங்கள்.