நேற்று ராத்திரியை எப்படிச் சமாளித்தீர்கள்?

கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "இவ்வளவு நடந்தும் ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" அம்மா கேட்டிருப்பார், கூடப் பிறந்தவர்கள் கேட்டிருப்பார்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டவர் கேட்டிருப்பார், புகாரை எழுதிக்கொண்டவரும் கேட்டிருப்பார். அதனால் ஆலோசனைக்கு எங்களிடம் வரும்போது அதற்கான பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே, "பிள்ளைங்க இருக்காங்களே மேடம்" என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் அதைக் கேட்பதில்லை. அவர் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, நான் கேட்பது வேறு: "நேத்து ராத்திரியை எப்படிச் சமாளிச்சீங்க?" பெரும்பாலும் முதலில் வருகிற பதில், "என்ன சமாளிச்சேன், அடி வாங்கினேன், அவ்வளவுதான்" என்பதாக இருக்கும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. "அதுக்கு முன்னாடி? பிள்ளைங்க எங்க இருந்தாங்க? அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனால் வேறொரு கதை வெளியே வரும். ஒருவர் சொன்னார்: வண்டியை நிறுத்தும் சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி இருக்கப்போகிறது என்று தெரிந்துவிடும், உடனே பெரியவளிடம் சின்னவனைக் கொடுத்து உள்ளறைக்கு அனுப்பிவிடுவேன், அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருக்கும். அடையாள அட்டைகளையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன், படுக்கும்போது செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் ஒண்ணுமே பண்றதில்லை, பயந்தாங்கொள்ளி" என்றார். அவர் சொன்னதை வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன். தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நாங்கள் உட்கார்ந்து போட வேண்டிய பாதுகாப்புத் திட்டத்தில் பாதியை அவரே ஏற்கெனவே போட்டு, யாருக்கும் சொல்லாமல் நடத்தியும் கொண்டிருந்தார்.

(இந்தக் கட்டுரையில் வருகிற எவரும் ஒரு தனி ஆள் இல்லை. பலருடைய விவரங்களைக் கலந்து, மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இப்படிக் கேட்கும் முறைக்குத் தீர்வு நோக்கிய அணுகுமுறை என்று பெயர். ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் என்ற தம்பதி அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் 1978இல் சக ஊழியர்களோடு தொடங்கிய குடும்ப ஆலோசனை மையத்தில் உருவானது. பிரச்சினை எங்கே முளைத்தது, யாரால் வந்தது என்று தோண்டிக்கொண்டே இருப்பதைவிட, அது இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது, இந்த மனிதருக்கு என்ன வேண்டும், அதில் எது சிறிய அளவிலாவது ஏற்கெனவே நடக்கிறது என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. கேட்க எளிமையாகத் தெரியும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது: இது குடும்பத்துக்குள் வரும் பலவிதச் சிக்கல்களுக்காக, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசிய இடத்திலிருந்து வந்த முறை. ஒருவர் கை ஓங்குகிற வீட்டுக்கு இதை அப்படியே கொண்டுபோனால் ஆபத்து. பயிற்சியில் இதை அழுத்திச் சொல்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

விதிவிலக்குக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வராத நாள் எது, அன்றைக்கு என்ன வித்தியாசமாக நடந்தது என்று கேட்பது இந்த முறையின் உயிர்நாடி. தூக்கமின்மைக்கோ, பையன் பள்ளிக்குப் போக மறுப்பதற்கோ அருமையாக வேலை செய்யும். அதையே இங்கே, "அவர் அடிக்காத நாள்ல நீங்க என்ன வித்தியாசமா பண்ணீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அன்னைக்கு நான் எதிர்த்துப் பேசலை", "அன்னைக்கு வீடு சுத்தமா இருந்துச்சு", "அன்னைக்கு நான் போன்ல யார்கிட்டயும் பேசலை" என்று பதில் வரும். சரி, அதையே தொடருங்கள் என்று சொல்ல முடியுமா? சொன்னால், அடிக்கிறவன் இத்தனை வருஷமாக அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை நாமும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததாக ஆகும். அடிப்பது அவன் எடுக்கிற முடிவு. மேலதிகாரி திட்டினால் அங்கே கை நீட்டாதவன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு நீட்டுகிறான் என்றால் அவனுக்கு அடக்கத் தெரியாமல் இல்லை. அவனை அடக்கும் பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில் விழுகிற எந்தக் கேள்வியும், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், தப்பான கேள்விதான்.

அதனால் நான் விதிவிலக்கைத் தேடும் இடமே வேறு. "உங்களுக்குன்னு நீங்களே ஒரு முடிவு எடுத்தது எப்போ?" "அவருக்குத் தெரியாம நீங்க காப்பாத்தி வச்சிருக்கிறது ஏதாவது இருக்கா?" "வெளியே தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள ஒத்துக்காம இருந்தது எப்போ?" கனடாவைச் சேர்ந்த ஆலன் வேட் என்ற சிகிச்சையாளர் 1990களிலிருந்து வலியுறுத்தி வருகிற விஷயம் இது: கொடுமை நடக்கும் இடத்திலெல்லாம் ஏதோ ஒரு வடிவத்தில் எதிர்ப்பும் இருக்கும், வெளிப்படையாக எதிர்ப்பது ஆபத்து என்பதால்தான் அது மறைந்து கிடக்கும். சின்னச் சின்னதாக இருக்கும். அடிக்கும்போது அழவே மாட்டேன் என்று ஒருவர் வைராக்கியமாக இருந்ததைக் குடும்பமே கல்நெஞ்சு என்று பெயர் வைத்திருந்தது. "அழாம இருந்தது உங்களுக்கு எதைக் காப்பாத்திக் கொடுத்துச்சு?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "என்னை" என்றார்.

அப்புறம் அளவுகோல் கேள்வி. 0 என்றால் கொஞ்சம்கூடப் பாதுகாப்பே இல்லை, 10 என்றால் முழுப் பாதுகாப்பு, இன்றைக்கு எந்த எண்ணில் இருக்கிறீர்கள்? ஒருவர் 3 என்கிறார். பழக்கத்தில் நமக்கு, ஏன் 3 மட்டும், ஏன் 5 இல்லை என்றுதான் கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியது, "2 இல்லாம 3ன்னு சொல்றீங்களே, அந்த ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு?" என்பது. "என் தங்கச்சிக்குத் தெரியும். வேலை செய்யுற இடத்துல ஒரு அக்காவுக்குத் தெரியும். இப்போ உங்களுக்கும் தெரியும்" என்று விரல் விட்டு எண்ணினார். அடுத்து, 3 என்பது 4 ஆக வேண்டும் என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? 10 வரைக்கும் போக வேண்டாம், ஒரே ஒரு படி. அவர் சொன்னது, தன் சம்பளம் போகும் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைத் தானே மாற்றிக்கொள்வது. மாற்றினால் அவனுக்குத் தெரிந்துவிடாதா, தெரிந்தால் என்ன நடக்கும் என்று அதையும் சேர்த்துப் பேசினோம். கடைசியில் எண்ணை மாற்றாமல், வேறொரு கணக்கைத் தொடங்கி அதில் சின்னத் தொகையைச் சேர்ப்பது என்று அவரே முடிவுக்கு வந்தார். நான் யோசனை சொல்லியிருந்தால் ரகசிய எண்ணோடு நின்றிருக்கும். அவன் கையில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வன்முறையிலேயே வாழ்ந்து பழகியவருக்கு 7 என்பது நமக்குத் தூக்கம் கெடுகிற நிலையாக இருக்கலாம். அதனால் எந்த முறையில் பேசினாலும் சில கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கிறேன். கழுத்தை நெரித்திருக்கிறானா? ஆயுதத்தைக் காட்டி மிரட்டியிருக்கிறானா? கொன்றுவிடுவேன் என்று சொன்னபோது நிஜமாகவே செய்வான் என்று தோன்றியதா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? பின்தொடர்கிறானா? சமீபத்தில் இதெல்லாம் அதிகமாகியிருக்கிறதா? அமெரிக்கச் செவிலியர் ஆராய்ச்சியாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுப் பட்டியலில் இருக்கிற கேள்விகள் இந்த மாதிரியானவைதான். கழுத்து நெரிப்பை நான் தனியாகவே கேட்பேன், ஏனென்றால் பலர் அதை அடி என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை, "கழுத்தைப் பிடிச்சார், விட்டுட்டார்" என்று சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். வெளியே தடமே தெரியாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பு துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் கொல்லப்படும் அபாயம் 7 மடங்குக்கும் மேல் என்று காட்டியது. அந்தப் பதில் "ஆமாம்" என்று வந்தால், அன்றைக்கு மற்றப் பேச்செல்லாம் அப்புறம்தான். முதலில் மருத்துவரிடம் போகிறோம், அன்றிரவு எங்கே தங்குவது என்று பார்க்கிறோம்.

"கிளம்பி வந்துடு" என்று சுலபமாகச் சொல்கிறவர்களுக்குத் தெரியாத இன்னொன்று, பிரிகிற நேரமும் பிரிந்த உடனடிக் காலமும்தான் மிக ஆபத்தான காலங்களில் ஒன்று. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவன் இன்னும் மூர்க்கமாகிறான். எனவே நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல், பாதுகாப்புக்கு ஓர் அளவுகோல் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன். வீட்டை விட்டு வெளியேற முடிவெடுத்த வாரத்தில் நம்பிக்கை 8, பாதுகாப்பு 2 என்று வருவது சகஜம். அந்த 8ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கோப்பை மூடிவிட்டால் போச்சு.

அதிசயக் கேள்வி இந்த முறையிலேயே மிகப் பிரபலம். நீங்கள் தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டது, நீங்கள் தூங்கியதால் உங்களுக்குத் தெரியாது, காலையில் எழுந்ததும் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? நேற்று அடிபட்டவரிடம் இதைக் கேட்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அவர் வலியைக் காதில் வாங்காமல் கற்பனை செய்யச் சொல்வதாகத்தான் அது அவருக்குக் கேட்கும். கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்த பிறகு கேட்கலாம். அப்போதும் முதலில் வருகிற பதில் அநேகமாக, "அவர் மாறியிருப்பார்" என்பதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள், அல்லது அவன் மாறமாட்டான் என்று வாதம் செய்யக் கிளம்புகிறார்கள். இரண்டும் தேவையில்லை. "சரி, அவர் மாறிட்டார். அன்னைக்குக் காலையில நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க?" என்று அந்தப் பதிலுக்குள்ளேயே இன்னொரு அடி வைத்தால் போதும். ஒருவர் சொன்னார்: "என் தங்கச்சிகிட்ட போன்ல சத்தமா பேசுவேன் மேடம். கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, சிரிச்சு சிரிச்சுப் பேசுவேன்." அவன் மாறுவதைப் பற்றி அதற்கு மேல் நாங்கள் பேசவே இல்லை. சத்தமாகப் பேச முடிகிற இடம் இப்போது ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். வேலை செய்யும் இடத்தில் மதிய இடைவேளை இருந்தது. அங்கே இருக்கிற அக்காவின் போனிலிருந்து தங்கையிடம் பேச ஆரம்பித்தார். நாளாக ஆக, ராத்திரி ஒரு குறிப்பிட்ட சொல்லை அனுப்பினால் தங்கை உடனே காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற ஏற்பாடு அந்தப் பேச்சிலிருந்தேதான் வந்தது.

கணவன், மனைவி இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள் என்று குடும்பத்தார் கேட்பார்கள், சில நேரம் அந்தப் பெண்ணே கேட்பார். வன்முறை நடந்துகொண்டிருக்கும்போது நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. அந்த அறையில் அவர் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். பேச்சு விளங்கும் வயதுள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் விவரம் கேட்பதில்லை, "அம்மா அங்க என்ன சொன்னா?" என்று குழந்தையிடம் விசாரிப்பான்.

இந்த முறையின் மேல் இருக்கிற ஒரு விமர்சனம் நியாயமானது. தீர்வு, முன்னேற்றம், பலம் என்றே பேசினால் நடந்த கொடுமை மறைந்துபோகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவிக்கிறார். இதைப் பெண்களின் தனிப்பட்ட சமாளிப்புத் திறனால் தீர்த்துவிட முடியாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தங்க இடமும், கையில் பணமும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், செயல்படுகிற சட்டமும் வேண்டும். நல்ல கேள்வி கேட்டதால் யாருக்கும் வீடு கிடைப்பதில்லை. நான் கேள்வி கேட்கிற நேரத்தைவிட, காப்பகத்தில் இடம் கேட்டும் வழக்கறிஞரைத் தேடியும் போனில் அலைகிற நேரம்தான் அதிகம், அதுவும் இதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால், யாரிடம் எதைக் கேட்டு அலைவது என்பதை அந்தப் பெண்தான் சொல்கிறார்.

கோப்பில் எழுதும்போதும் இது உதவுகிறது. "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை", "மீண்டும் கணவனிடமே திரும்பினார்" என்ற வாக்கியங்களைப் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன். நாளைக்குப் பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் அதே வாக்கியத்தை எதிர்த்தரப்பு எடுத்துப் படிக்கும். அதனால் அவன் செய்ததை அவன் செய்ததாக, தெளிவாக எழுதுகிறேன். "தகராறு ஏற்பட்டது" என்று எழுதுவதில்லை. கூடவே அவர் பிள்ளைகளைக் காக்கச் செய்தவற்றையும், உள்ளறையின் சாவி முதற்கொண்டு, அவருடைய வார்த்தையிலேயே எழுதிவைக்கிறேன்.

திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நிறையப் பேர். அப்போது நான் கேட்பது, "இந்தத் தடவை போகும்போது, போன தடவை இல்லாத எது உங்க கையில இருக்கு?" ஒருவர் தனிக் கணக்கு என்றார். ஒருவர் உங்கள் எண் மனப்பாடமாக இருக்கிறது என்றார். அடுத்து எப்போது சந்திப்பது, நாங்கள் போன் செய்யலாமா, எந்த நேரத்தில் செய்யலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லி வைப்பது என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். தேதி குறிக்க விருப்பமில்லை என்றால் குறிப்பதில்லை, கோப்பை மூடுவதும் இல்லை. மறுபடி வரும்போது, அது எத்தனை மாதம் கழித்து இருந்தாலும், ஏன் போனீர்கள் என்று விசாரிக்காமல் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்து, இதில் எதெல்லாம் உதவியது, எதை மாற்ற வேண்டும் என்றுதான் தொடங்குகிறோம்.